இரண்டு வீட்டுக்கு நடுவே எட்டு அடி: ஒரு வளவுச் சரிவுப் பிரச்சினை, தொடக்கம் முதல் முடிவு வரை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டு வளவுகளின் மண் உயரமும் மழைநீர் ஓட்டமும் சம்பந்தமான வேலைதான் எனக்கு. இந்த நிகழ்வில் இரண்டு குடும்பமும் நம்மவர்கள். இரண்டு பக்கமும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஊர், தெரு, பெயர், கொன்ட்ராக்டர் எதுவும் இதில் வராது. வீடுகளை "மேல் வீடு", "கீழ் வீடு" என்றே சொல்கிறேன், தெருவின் சரிவில் ஒன்று கொஞ்சம் மேலே, மற்றது கீழே நிற்பதால்.

பின்னணி

ரொறன்ரோவுக்கு மேற்கே, 2010களின் நடுப்பகுதியில் கட்டி முடிந்த ஒரு குடியிருப்பு. நாற்பது அடி முகப்புள்ள தனி வீடுகள். இரண்டு வீட்டுக்கும் இந்தப் பக்கத்தில் ஆளுக்கு 1.2 மீட்டர் விட்டிருக்கிறார்கள், அதாவது சுவருக்குச் சுவர் 2.4 மீட்டர், எட்டு அடிக்குச் சற்றுக் குறைவு. அந்த எட்டு அடியின் நடுவில்தான் காணி எல்லை போகிறது. எல்லைக் கோட்டின்மேலேயே ஆழமில்லாத ஒரு புல் வாய்க்கால். சுவேல் என்பார்கள். புல் வெட்டும்போது கால் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான், கண்ணுக்கு வாய்க்கால் மாதிரியே தெரியாது.

ஆனால் அது தற்செயலாக வந்த பள்ளம் இல்லை. ஒரு குடியிருப்பை உருவாக்கும்போது டெவலப்பருக்கும் நகரசபைக்கும் ஒப்பந்தம் ஒன்று போடப்படும். அதன் ஒரு பகுதியாக ஒவ்வொரு லொட்டுக்கும், அதாவது வீட்டுக் காணித் துண்டுக்கும், பொறியியலாளர் போட்ட சரிவு வரைபடம் இருக்கும். வீட்டின் நாலு மூலையிலும் மண் எந்த உயரத்தில் நிற்கவேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும், எந்த இடத்தில் பிரியவேண்டும் என்று அம்புக்குறியும் எண்ணும் போட்டுக் குறித்திருப்பார்கள். வீடு முடிந்ததும் நில அளவையாளரோ பொறியியலாளரோ உயரங்களை அளந்து சான்றிதழ் கொடுத்தால்தான் பில்டர் கட்டிய வைப்புப் பணம் திரும்பக் கிடைக்கும். பல நகரசபைகள் புல்தரைக்கு 2 சதவீதச் சரிவு கேட்கும், அதாவது ஒரு மீட்டருக்கு இரண்டு சென்ரிமீட்டர் இறக்கம். சுவேலுக்கு 15 சென்ரிமீட்டர் ஆழம் என்பது பரவலாகக் காணும் அளவு. இதெல்லாம் நகரத்துக்கு நகரம் கொஞ்சம் மாறும். மாகாணம் முழுக்கப் பொதுவானது கட்டடக் கோவைதான். கட்டடத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கக் கூடாது, பக்கத்துக் காணியையும் பாதிக்கக் கூடாது, அப்படி நிலத்தைச் சீர்செய்யவேண்டும் என்று அது சொல்கிறது.

இந்த இரண்டு வளவிலும் தண்ணீர் நடுவில் பிரிந்து போகும்படிதான் வரைந்திருக்கிறார்கள். வீட்டின் பின்மூலைக்குப் பக்கத்தில் உயர்ந்த புள்ளி. அதற்கு முன்னால் விழுவது பக்கச் சுவேல் வழியாகத் தெருவுக்கு, பின்னால் விழுவது பின்வேலி ஓரச் சுவேல் வழியாக மூன்றாவது வீட்டின் பின்வளவிலுள்ள மழைநீர்த் தொட்டிக்கு. தண்ணீர் சேமிக்கும் தொட்டி இல்லை இது, நிலத்தடி வடிகாலுக்குள் இறக்கிவிடும் தொட்டி. மூன்றாவது வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஒரு போர்த்துக்கீசர்.

2023 கோடை: நடைபாதை

மேல் வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் அம்மா. பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள், அதற்கான வாசல் பக்கச் சுவரில். குடியிருப்பவர் குளிர்காலத்தில் சேற்றிலும் பனியிலும் நடக்கிறார் என்று அந்தப் பக்கம் முழுக்க இன்டர்லொக், அதாவது ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கும் நடைபாதைக் கல், போட முடிவெடுத்தார்கள். தெரிந்தவர் மூலம் வந்த கொன்ட்ராக்டர், காசுக் கொடுப்பனவு, எழுத்தில் ஒன்றும் இல்லை. மூன்று நாளில் வேலை முடிந்தது, பார்க்கவும் வடிவாகத்தான் இருந்தது.

கோளாறு அடியில் இருந்தது. இன்டர்லொக் போடுவதென்றால் முதலில் மண்ணைத் தோண்டி எடுத்து, சல்லி நிரப்பி இறுக்கி, அதன்மேல் மெல்லிய படுக்கை போட்டுக் கல் வைக்கவேண்டும். சரியாகச் செய்தால் முடிந்த கல்லின் மேல்மட்டம் பழைய புல்லின் மட்டத்திலேயே நிற்கும். ஆனால் தோண்டிய மண்ணை ஏற்றி அனுப்பக் குப்பைப் பெட்டி வாடகைக்கு எடுக்கவேண்டும், அதற்குச் செலவு. இங்கே புல்லை மட்டும் சுரண்டிவிட்டு, சல்லியை மேலேயே கொட்டி, சுவேலையும் சேர்த்து நிரப்பி, எல்லைக் கோடு வரைக்கும் தட்டையாகக் கல் போட்டுவிட்டார்கள். சுரண்டி எடுத்த கொஞ்ச மண்ணும் வெளியே போகவில்லை. பின்வேலி ஓரம் அம்மாவுக்குக் காய்கறிப் பாத்தியாகப் போனது. அதாவது பின்சுவேலின் மேல்.

ஒரே வேலையில் இரண்டு வாய்க்காலும் அடைபட்டன. யாரும் கவனிக்கவில்லை. அந்த வருட இலையுதிர்காலத்தில் பெய்ததெல்லாம் சின்ன மழை, மண் குடித்துக்கொண்டது.

2024 மார்ச்: முதல் ஈரம்

பனி உருகும் காலத்தில் நிலம் உள்ளே இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் கீழே இறங்காது, மேலால்தான் ஓடும். அந்த மார்ச்சில் கீழ் வீட்டு பேஸ்மென்ட்டில் சுவரும் தரையும் சேரும் மூட்டில் ஈரக்கோடு தெரிந்தது. லமினேட் பலகையின் ஓரம் உப்பி, காலால் மிதித்தால் சத்தம் போட்டது. உலர்ந்தபின் கொன்கிரீட்டில் வெள்ளை உப்புப் படிவு.

கீழ் வீட்டுக்காரர் முதலில் தன் வீட்டுக் குறை என்றுதான் நினைத்தார். புது வீட்டு உத்தரவாதம், அதாவது டேரியன், பேஸ்மென்ட் வழியாகத் தண்ணீர் வருவதை இரண்டு வருடம்தான் தாங்கும். அது எப்போதோ முடிந்துவிட்டது. வோட்டர் புரூஃபிங் கம்பனி ஒன்று வந்து உள்ளே தரையை வெட்டிக் குழாய் போடவேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனது. வந்தவர் ஒருதரமாவது வெளியே போய் மண்ணைப் பார்க்கவில்லை. இது எனக்குப் புதிதில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும்.

ஏப்ரலில், ஒரு மழை நாளில், மனைவிதான் குடையோடு அந்த எட்டு அடிக்குள் போய் நின்று பார்த்திருக்கிறார். இன்டர்லொக்கின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒரு மெல்லிய திரையாக வழிந்து தங்கள் சுவர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதைக் கைபேசியில் காணொளியாகவும் எடுத்துவைத்தார். பின்னால் மிகவும் பயன்பட்டது அது.

இரண்டு குடும்பமும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். நகரசபைக்கு எழுதுவது முகத்தில் அடிப்பது மாதிரி என்று கணவன் தயங்கினார். நேரே போய்ப் பேசினார்.

"அண்ணை, உங்கட நடைபாதை போட்ட பிறகுதான் இப்பிடித் தண்ணி வருது."

"தம்பி, மழை பெய்தால் தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும். உங்கட வீடு பள்ளத்தில நிக்குது, அதுக்கு நான் என்ன செய்யிறது?"

பேச்சு அதோடு நின்றது. மேல் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் சிக்கல். ஒன்ராறியோவின் பொதுச் சட்ட வழக்கப்படி, இயற்கையான ஓடையில் சேராத மேற்பரப்பு நீருக்கு ஓடும் உரிமை என்று ஒன்று கிடையாது. கீழ்க்காணிக்காரர் விரும்பினால் விடலாம், விரும்பாவிட்டால் தடுக்கலாம். மேற்காணிக்காரர் இயல்பாக ஓடுவதற்குப் பொறுப்பில்லை. ஆனால் தண்ணீரைச் சேர்த்துக் குவித்துப் பக்கத்துக் காணியில் விடமுடியாது. இது பண்ணைக் காணிகளில் வளர்ந்த வழக்கம். அங்கீகரித்த சரிவு வரைபடம் இருக்கும் ஒரு குடியிருப்பில் கேள்வியே வேறு: வரைபடத்தில் உள்ளபடி மண் நிற்கிறதா, இல்லையா?

ஜூலை 16

2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர் மழை பதிவானது, பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள். ரொறன்ரோவின் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை வெள்ளத்தில் மூழ்கிய நாள், பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

கீழ் வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு பேஸ்மென்ட் யன்னல் இருக்கிறது. அதற்கு வெளியே தகரம் வளைத்த குழி, விண்டோ வெல். அதன் விளிம்பு மண்ணைவிட உயர்ந்து நிற்கவேண்டும், இங்கே மண்ணோடு மண்ணாக இருந்தது. குழியின் அடியில் ஒரு குழாய் அத்திவாரத்தைச் சுற்றியுள்ள துளைக் குழாய்க்கு இறங்கும், அதன் வாயைப் பல வருட இலை மூடியிருந்தது. இன்டர்லொக்கிலிருந்து வழிந்த தண்ணீர் அந்தக் குழிக்குள் விழுந்து, நிறைந்து, யன்னல் கண்ணாடியின் பாதிக்கு ஏறி, சட்டத்தின் கீழ்மூலையால் உள்ளே கொட்டியது. பிள்ளைகளின் புத்தக அலுமாரி அந்த யன்னலுக்குக் கீழேதான்.

காப்புறுதிக்கு அறிவித்தார்கள். அவர்களிடம் கழிவுநீர்க் குழாய் பின்னடித்தால் தரும் மேலதிகக் காப்பு இருந்தது. நிலத்தின் மேலால் ஓடிவரும் வெள்ளத்துக்கான காப்பு தனி. கனடாவில் வீட்டுக்காரர்களுக்கு அது 2015 அளவில்தான் விற்பனைக்கே வந்தது, இவர்கள் எடுக்கவில்லை. மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வி "தண்ணீர் எதனூடாக வந்தது?" யன்னலால் என்றதும் கதை முடிந்தது.

அடுத்த வாரம் நகரசபைக்கு முறைப்பாடு போனது. அதே வாரத்தில்தான் பொதுவான ஒரு நண்பர் மூலம் என்னையும் கூப்பிட்டார்கள்.

நகரசபை அதிகாரி வந்தது

இங்கே பலர் எதிர்பாராத விடயம் ஒன்று நடந்தது. அதிகாரி முறைப்பாடு செய்தவரின் வளவையும் பார்த்தார். கீழ் வீட்டின் கூரைப் பீலிக் குழாய் அதே எட்டு அடிக்குள் சுவரோரமாகவே முடிந்திருந்தது. பின்வளவில் அவர்களின் தோட்டக் கொட்டில் பின்சுவேலின்மேல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வீட்டுக்கும் போனார். மழைநீர்த் தொட்டியின் இரும்புக் கிராதிமேல் வெட்டிய புல் படிந்து, பாய் விரித்ததுபோல் இறுகியிருந்தது. அந்த மனிதர் தொட்டி ஒன்று இருப்பது தெரியும், ஆனால் நகரசபை வந்து துப்புரவாக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்தது, மூன்றாமவருக்கு வாய்மொழி அறிவுறுத்தல். கீழ் வீட்டில் கொஞ்சம் மனவருத்தம், "அடி வாங்கினதும் நாங்கள், கடிதமும் எங்களுக்கோ" என்று. ஆனால் அதிகாரி செய்தது சரி. 2001ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் மண் கொட்டுவதையும் நிலத்தின் மட்டத்தை மாற்றுவதையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நகரசபைகளுக்குக் கொடுக்கிறது. 1992ஆம் ஆண்டு கட்டடக் கோவைச் சட்டத்தின்கீழ் வீட்டுத் தராதர விதிகள் தனியாக உண்டு. அந்த விதிகளின்படி உத்தரவு வந்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும். இந்த விதிகளில் எதற்கும் யார் முதலில் முறையிட்டார் என்பது ஒரு பொருட்டே இல்லை.

அதிகாரி இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னார். சேதமான தரைக்கும் அலுமாரிக்கும் யார் காசு கொடுப்பது என்பதில் நகரசபை தலையிடாது, அது இரண்டு வீட்டாரின் சிவில் விடயம். மட்டம் மாற்றப்பட்டிருந்தால் அதைத் திருத்தச் சொல்வது மட்டும்தான் அவர்கள் வேலை.

வரைபடமும் லேசர் லெவலும்

நகரசபையின் பொறியியல் பகுதியில் சிறு கட்டணம் கட்டி இரண்டு லொட்டின் வரைபடத்தையும் எடுத்தோம். எட்டு வருடமாக அந்தத் தாளை இரண்டு வீட்டிலும் ஒருவரும் பார்த்ததில்லை. வீடு வாங்கும்போது வழக்கறிஞர் கொடுத்த கட்டுக்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

வரைபடத்தின் உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து. பக்கச் சுவேலின் உயர்ந்த புள்ளி 214.62 மீட்டர், தெருப் பக்கம் முடிவது 214.34. நீளம் 14 மீட்டர், சரியாக 2 சதவீதம். பேஸ்மென்ட் வாசலுக்கு நேரே சுவேலின் அடி 214.48 இல் இருக்கவேண்டும்.

அளவெடுக்கும்போது இரண்டு வீட்டு ஆண்களும் நிற்கவேண்டும் என்று நான் கேட்டேன். மேல் வீட்டுக்காரர் வர விரும்பவில்லை, கடைசியில் வந்தார். அளவுக்கோலை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் அவரே வைத்தார், அவரே எண்ணை வாசித்தார், கீழ் வீட்டுக்காரர் எழுதினார். வாசலுக்கு நேரே இன்டர்லொக்கின் ஓரம் 214.66. வரைபடத்தைவிடப் பதினெட்டுச் சென்ரிமீட்டர் மேலே. கீழ் வீட்டுச் சுவரோர மண் 214.58. அதாவது வாய்க்கால் இருக்கவேண்டிய இடம் பக்கத்து வீட்டுச் சுவரடியைவிட எட்டுச் சென்ரிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவர் கோலை ஒருதரம் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்து வாசித்தார். அதே எண்தான்.

"அப்ப இது என்ர பக்கத்துப் பிழைதான்" என்று அவர் சொல்லவில்லை. "இதை இறக்கினா வாசல் என்னாகும்?" என்று கேட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்போதுதான் உண்மையான பயமும் வெளியே வந்தது. ஏப்ரலில் அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லை. பேஸ்மென்ட் வாடகைப் பகுதிக்கு அனுமதி எடுக்கவில்லை. நகரசபை ஆள் வந்தால் அதுவும் அகப்படும் என்ற பயம். 2022 இல் வந்த சட்டமூலம் 23-க்குப் பிறகு மாகாணத்தில் பெரும்பாலான நகரக் குடியிருப்பு லொட்டுகளில் மூன்று குடியிருப்பு அலகுகள் வரை வைக்கலாம். ஆனால் கட்டட அனுமதி இல்லாமல் முடியாது. பல நகரங்கள் பதிவும் கேட்கும். இந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்காமல் "தண்ணிக்கு வழி விடு" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் போயிருக்கும். நம் ஆட்களின் வேலிச் சண்டைகளில் பாதிக்குப் பின்னால் இப்படி இன்னொரு விடயம் இருக்கும் என்பது என் அனுபவம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எல்லையில் கொன்கிரீட் தடுப்புக் கட்டுவதை முதலில் ஒதுக்கினோம். கீழ் வீட்டுக்காரருக்கு ஒரு கொன்ட்ராக்டர் சொன்ன யோசனை அது, செலவும் குறைவு. கட்டினால் எல்லைக் கோட்டிலுள்ள சுவேலை இந்தப் பக்கத்தாலும் அடைத்ததாகிவிடும். பிழை இரண்டு பக்கமும் ஆகும், தண்ணீர் மேல் வீட்டு வாசலுக்குள் போகும்.

உள்ளே தரையை வெட்டிக் குழாய் போடுவதையும் விட்டோம். வெளித் தண்ணீர் நின்றபிறகும் ஈரம் இருந்தால் பார்க்கலாம் என்று.

"சுவேலுக்குப் பதிலாகக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டால் நடைபாதையைத் தொடவே வேண்டாமே" என்று மேல் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. நகரசபை சம்மதிக்கவில்லை. புதைத்த குழாய் அடைபட்டால் யாருக்கும் தெரியாது, மார்ச்சில் வாயில் பனிக்கட்டி பிடித்தால் வேலை செய்யாது. மேற்பரப்பில் வழி இருக்கவேண்டும், அதற்கு மேலதிகமாகக் குழாய் போடுவது உங்கள் விருப்பம் என்றார்கள்.

கடைசியில் வந்த வடிவம் இது: இன்டர்லொக் முழுவதையும் கழற்றி, இந்த முறை ஒழுங்காகத் தோண்டி, சுவரோரமாக 90 சென்ரிமீட்டர் அகலத்துக்கு மட்டும், எல்லைப் பக்கம் சிறு சாய்வோடு திரும்பப் போடுவது. மீதி 30 சென்ரிமீட்டரும் கீழ் வீட்டுப் பக்கத்தில் ஒரு பகுதியும் சேர்ந்து சுவேல். மேல் வீட்டுப் பக்கச் சரிவு புல் பிடிக்க முடியாத அளவுக்குச் செங்குத்தாக வந்ததால், அங்கே துணி விரித்து ஆற்றுக்கல் அடுக்குவது. 90 சென்ரிமீட்டர் போதும் என்று நகரசபையிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கினோம், வாடகைப் பகுதி அனுமதிக்கும் அதே பாதைதான் வழி என்பதால்.

கீழ் வீட்டுக்காரர் பீலிக் குழாயை முன்புல்தரைக்கு நீட்டுவது, விண்டோ வெல்லை உயர்த்தி அடிக் குழாயைத் துப்புரவாக்குவது, கொட்டிலை நகர்த்துவது. அவரவர் காணியில் நடப்பதற்கு அவரவர் செலவு. சேதமான தரைக்கு மேல் வீட்டார் ஒரு தொகை கொடுத்தார்கள். எவ்வளவு என்பது இங்கே தேவையில்லை. சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகும் யோசனை இருந்தது. அதற்கான இரண்டு வருடக் கால எல்லை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தேன். தேவைப்படவில்லை.

மிஞ்சியது பின்வேலிப் பாத்தி. அதில் அம்மாவின் கத்தரி, வெண்டி, மிளகாய், வேலியில் ஏறிய பாகல். மகனும் மருமகளும் சொல்லத் தயங்கியதால் நானே கேட்டேன். அம்மா சுற்றிவளைக்கவில்லை. "வாய்க்காலை அடைச்சா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாதே தம்பி? இது வாய்க்கால் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. எடுக்கலாம். ஆனா பாகல் இன்னும் காய்க்குது, அது முடியட்டும்."

நகரசபைக் கடிதத்தில் அவகாசம் இருந்தது. வேலை ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் போனது, பாகலுக்காக.

ஒக்டோபர் வேலை

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து நிலத்தடி இணைப்புகளைக் குறிக்கச் செய்தோம். இது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. எரிவாயு மீட்டர் அந்தப் பக்கச் சுவரில்தான். பழைய கொன்ட்ராக்டர் அறிவிக்காமலே தோண்டியிருந்தார், ஆழமாகத் தோண்டாததால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு விதத்தில் அவரின் சோம்பல் அங்கே காப்பாற்றியிருக்கிறது.

அவர் திரும்ப வரவில்லை. தொலைபேசியை எடுக்கவும் இல்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்க இடமும் இல்லை. புதியவர் ஒருவர் செய்தார். ஒவ்வொரு கட்டத்திலும், தோண்டியபின், சல்லி போட்டபின், கல் வைத்தபின், லேசர் வைத்து உயரம் பார்த்தோம். மண் இரண்டு பெட்டி நிறைய வெளியே போனது.

பின்சுவேல் ஒரு நாள் வேலை. பாத்தியை வேலியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே நகர்த்தி, புல் பாய் விரித்தார்கள். மூன்றாமவர் கிராதியைத் தானே சுரண்டித் துப்புரவாக்கினார்.

முடிந்தபின் நில அளவையாளர் ஒருவர் இறுதி உயரங்களை அளந்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதைக் கொடுத்ததும் நகரசபை கோப்பை மூடியது.

அதன் பிறகு

சோதனை 2025 இல் வந்தது. பெப்ரவரியில் ரொறன்ரோப் பகுதியில் ஒரு வாரத்துக்குள் அரை மீட்டர் அளவுக்குப் பனி கொட்டியது, மார்ச்சில் அது உருகியது. கீழ் வீட்டு பேஸ்மென்ட் உலர்ந்தே இருந்தது. உள்ளே தரையை வெட்டும் வேலை தேவைப்படவில்லை.

எல்லாம் சுமுகம் என்று சொல்லமாட்டேன். சுவேல் சரியாக ஓடத் தொடங்கியதும் மேல் வீட்டு சம்ப் பம்ப் (அத்திவாரத்தடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைப்பது) விடும் தண்ணீரும் அதனூடாகத் தெருவோர நடைபாதைக்குப் போய் ஜனவரியில் கண்ணாடி மாதிரி உறைந்தது. ஒருவர் வழுக்கியிருந்தால் வேறு கதை. பம்பின் வாயை முன்புல்தரைப் பக்கம் திருப்பினார்கள். வசந்த மழைக்குப் பிறகு சுவேலில் ஒரு நாள் தண்ணீர் நின்றதைப் படம் எடுத்து கீழ் வீட்டுக்காரர் எனக்கு அனுப்பினார். அது குறை இல்லை. பெரிய மழைக்குப் பிறகு 48 மணி நேரம் வரை சுவேலில் தண்ணீர் நிற்பதைப் பல நகரசபைகள் இயல்பாகவே எடுக்கும். அதற்கு மேல் நின்றால் பார்க்கலாம் என்றேன்.

மேல் வீட்டார் பேஸ்மென்ட் அனுமதிக்கு விண்ணப்பித்தார்கள். தீத்தடுப்புக் கதவு, புகை எச்சரிக்கைக் கருவி என்று செலவு வந்தது, ஆனால் பக்கப் பாதை பற்றிய கேள்விக்கு அளவையாளரின் தாளே பதிலாக இருந்தது. இரண்டு குடும்பமும் கோயிலில் கண்டால் சிரிக்கிறார்கள். வீட்டுக்குப் போய்வருவது இன்னும் தொடங்கவில்லை.

இனி ஒருவர் செய்வதென்றால் எது மாறவேண்டும்

வரைபடத்தைப் பிரச்சினை வந்தபிறகு எடுத்தோம். கல் தேர்வு செய்யக் கடைக்குப் போகும் முன் எடுக்கவேண்டியது அது. டெக், கொட்டில், பாத்தி, நீச்சல் தடாகம், ட்ரைவ்வே அகலிப்பு, எதுவானாலும் இதே கதைதான். சில வேலைக்கு அனுமதி தேவையில்லை என்று நகரசபை இணையத்தில் போட்டிருக்கும். அனுமதி தேவையில்லை என்றால் மட்டத்தை மாற்றலாம் என்று பொருள் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

ஏப்ரல் பேச்சுவார்த்தை வெறுங்கையோடு நடந்தது. காணொளியும் வரைபடமும் அப்போதே மேசையில் இருந்திருந்தால் ஜூலை மழை ஒருவேளை இந்த அளவுக்குப் போயிருக்காது. உறுதியாகச் சொல்ல முடியாது, பேஸ்மென்ட் பயம் அப்போதும் இருந்திருக்கும். முறைப்பாடு போடுபவர்கள் அதற்கு முன் தங்கள் பீலிக் குழாய் எங்கே முடிகிறது, கொட்டில் எதன்மேல் நிற்கிறது என்று ஒருதரம் சுற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.

நகரசபைப் பக்கத்திலும் ஒன்று. வீடு கைமாறும்போது இந்த வரைபடம் புது உரிமையாளருக்குத் தானாகப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். சொத்து வரிக் கடிதத்தோடு ஒருதரம் அனுப்பினால்கூடப் போதும். இப்போது கேட்கத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கிறது.

கொன்ட்ராக்டரோடு எழுதும் ஒப்பந்தத்தில் விலைக்கும் கல்லின் நிறத்துக்கும் கீழே இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லி இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்: "முடிந்த மேல்மட்டம் நகரசபை அங்கீகரித்த சரிவு வரைபடத்தின் உயரங்களைத் தாண்டாது, எல்லையிலிருந்து சுவேலுக்குள் கல்லோ மண்ணோ வராது, தோண்டிய மண் முழுவதும் வளவுக்கு வெளியே அகற்றப்படும், இறுதிக் கொடுப்பனவு உயரம் அளந்த பிறகே." இதைப் பார்த்ததும் சிலர் விலையைக் கூட்டிச் சொல்வார்கள். மண்ணை வெளியே ஏற்றும் செலவைச் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம், அது வரவேண்டிய செலவுதான். வரியைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் எதுக்கு அண்ணை, நான் பாத்துச் செய்யிறன்" என்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம்.